பின்னால் நழுவாத வண்டி

“மேட்டுல நிறுத்திப்போட்டு பிரேக்குல இருந்து காலை எடுத்தாலும் வண்டி ஒரு அங்குலம் பின்னால போகாது கண்ணு.” தாத்தாவை நாங்கள் அப்பாரு என்போம். அவர் சொன்ன இந்தப் பேச்சை எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பியதில்லை. நாற்பதுகளில் கோவையில் ஒரு மில் முதலாளிக்கு அவர் டிரைவராக இருந்தார். ஓட்டியது ஸ்டூடிபேக்கர் என்ற அமெரிக்கக் கார். கோடைக்கு முதலாளி குடும்பத்தைக் குன்னூருக்கு ஏற்றிப் போவார். பர்லியாறு தாண்டிய வளைவுகளில் எதிரே லாரி வந்தால் ஏற்றத்திலேயே நிறுத்த வேண்டும், மறுபடி கிளப்ப வேண்டும். மற்ற வண்டிகளில் கிளீனர் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைப்பான். தன் வண்டிக்குக் கல்லே வேண்டியதில்லை என்பார் அப்பாரு. சித்தப்பா ஒர்க் ஷாப் வைத்திருந்தவர். “அப்பன் உடற கதையிலேயே இதுதான் பெருசு” என்று எல்லார் முன்னாலும் சொல்வார். அப்பாரு அதற்குப் பதில் சொன்னதே இல்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

பிழைப்புக்காக நான் வந்து சேர்ந்த ஊர் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட். 1852இல் ஹென்றி, கிளெமென்ட் என்ற இரண்டு ஸ்டூடிபேக்கர் சகோதரர்கள் கொல்லுப் பட்டறை போட்டு, குதிரை வண்டி செய்யத் தொடங்கி, பிறகு கார் செய்த ஊர். தொழிற்சாலை போய் அறுபது ஆண்டு ஆகியும் ஊரில் அந்தப் பெயர் படாத இடம் குறைவு. எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு மூதாட்டி இருக்கிறார். கணவர் காலமான பின் ஷெட்டில் நின்ற வண்டியை விற்கத் தீர்மானித்தார். பிள்ளைகள் தொலைவில். விளம்பரம் எழுத உதவ முடியுமா என்று என்னைக் கேட்டார்.

ஷெட் கதவு மேலே போனதும் உள்ளே நின்றது ஸ்டூடிபேக்கர் லார்க். நாலு கதவு, வெள்ளை நிறம், வி-8 இன்ஜின். முன் மட்கார்டில் ஒரு துளி துருவில்லை. பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுகிற இந்த ஊரில் இது நம்ப முடியாத சங்கதி. இந்த வண்டிகளின் முன் மட்கார்டுதான் முதலில் பொரிந்து உதிரும் என்று பழைய ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள். கிளவ் பாக்ஸைத் திறந்தால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று எழுந்து நிற்கிறது. பாட்டியம்மா அதில் பார்த்துத்தான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் தலை வாரியிருக்கிறார்.

பழைய கார் கண்காட்சிகளில் கணவர் வைத்த அட்டை ஒன்று பின் சீட்டில் கிடந்தது. சவுத் பெண்டில் கடைசியாக இறங்கிய வண்டிகளில் ஒன்று, முதல் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை, சர்ச்சுக்கு மட்டும் ஓட்டினார் என்று அதில் டைப் செய்திருந்தது. அதை அப்படியே விளம்பரத்தில் போட்டுவிடச் சொன்னார்.

சர்ச்சுக்கு மட்டும் ஓட்டிய கிழவியின் கதை அமெரிக்காவில் பழைய கார் விற்கிற எல்லாரும் சொல்கிற கதை. அதைக்கூட விட்டுவிடலாம். ‘கடைசி’ என்பதுதான் என்னை நிறுத்தியது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் எண் தகடு இருக்கிறது. 63வி என்று தொடங்குகிறது: 1963 மாடல், எட்டு சிலிண்டர். தொழிற்சாலையை மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்தது 1963 டிசம்பர் 9. கடைசி வண்டி இறங்கியது அதே மாதம் 20. அதற்குச் சில மாதம் முன்பே 64 மாடல் ஓடத் தொடங்கிவிட்டது. ஆக, 63 மாடல் எதுவும் கடைசி வண்டிகளில் ஒன்றாக இருக்க வழியில்லை.

இதை மெதுவாகத்தான் சொன்னேன். பாட்டியம்மா கோபப்படவில்லை. “அவர் பதினெட்டு வயதிலிருந்து அங்கே வேலை பார்த்தவர். அவருக்குத் தெரியாதா?” என்று மட்டும் கேட்டார்.

ஊரில் சேப்பின் தெருவில் ஸ்டூடிபேக்கர் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் ஆவணக் காப்பகத்தில் வண்டிகளின் உற்பத்தி ஆணைகள் இருக்கின்றன. வண்டி எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் நகல் தருவார்கள். மூடிப்போன ஒரு கம்பெனி தன் காகிதங்களை விட்டுப்போனது பெரிய காரியம். அவற்றை ஊர் காப்பாற்றி வைத்தது அதைவிடப் பெரிது. பாட்டியம்மாவின் சம்மதத்தோடு எழுதிக் கேட்டேன்.

வந்தது ஒற்றைத் தாள். பூட்டி முடித்தது 1962 நவம்பர். இன்ஜின் எண் பிளாக்கில் அடித்திருந்த எண்ணோடு ஒத்துப்போனது. பிறந்த இன்ஜின் மாறவில்லை என்றால் வாங்குபவருக்கு அது பெரிய விஷயம். அனுப்பிய இடம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஒரு டீலர். மட்கார்டு ரகசியம் அங்கே அவிழ்ந்தது. உப்புச் சாலையே இல்லாத வறண்ட ஊரில் வண்டி தன் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளைக் கழித்திருக்கிறது. வீட்டில் தேடினால் எழுபதுகளின் விற்பனை ரசீது ஒன்றும் ஒரு கோப்பில் கிடைத்தது. கணவர் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போய், இதை வாங்கி, ஓட்டிக்கொண்டே திரும்பியிருக்கிறார். அந்தப் பயணம் பாட்டியம்மாவுக்கு நினைவிருந்தது. அது எதற்கு என்று அப்போது அவர் கேட்கவில்லை. ரசீதில் விற்றவர் ஒரு பண்ணைக்காரர். ஆசிரியை எங்கேயும் இல்லை.

அந்தத் தாளின் கீழ்ப்பகுதியில், கூடுதலாகப் பொருத்தியவை என்ற பட்டியலில், ஓவர்டிரைவ், கிளைமடைசர் ஹீட்டர் என்பவற்றுக்கு நடுவே ஒரு வரி: ஹில் ஹோல்டர். மேட்டில் பிடித்து வைப்பது.

விளம்பரம், விலை எல்லாம் எனக்கு அந்த நிமிடமே மறந்துபோனது.

தேடிப் படித்தேன். ஸ்டூடிபேக்கர் இந்த அமைப்பை 1936லேயே கொண்டுவந்துவிட்டது. கிளட்ச் பெடலோடு ஒரு கம்பியால் இணைந்த சிறிய வால்வு; உள்ளே ஒரு இரும்புக் குண்டு. வண்டி ஏற்றத்தில் மூக்கைத் தூக்கி நிற்கும்போது குண்டு பின்னால் உருண்டு பிரேக் ஆயில் திரும்பும் வழியை அடைக்கிறது. கிளட்சை மிதித்தபடி இருக்கும்வரை பிரேக் பிடித்த பிடி விடாது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைக்கலாம். கிளட்சை விடும்போது அந்தக் கம்பி குண்டை நகர்த்தி வழி திறக்கிறது, வண்டி முன்னால் போகிறது. சமதரையில் குண்டு அடைக்காது, அதனால் தொந்தரவும் இல்லை. மின்சாரம் இல்லை, கணினி இல்லை. பூமியின் இழுப்பைக் கொண்டே பூமியின் இழுப்பைத் தடுக்கிற வேலை. நாற்பதுகளில் குன்னூர் ஏறிய ஒரு ஸ்டூடிபேக்கரில் இது இருந்திருக்க முழு வாய்ப்பு உண்டு.

ஆனால் இந்த வண்டியில் அது வேலை செய்யவில்லை. ஆற்றங்கரையை ஒட்டிய சரிவில் நிறுத்திப் பார்த்தோம், மெல்லப் பின்வாங்கியது. அப்போதுதான் பாட்டியம்மா அந்த மனிதரைப் பற்றிச் சொன்னார். கணவரோடு அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், எண்பது தாண்டியவர், இன்றும் ஊரிலுள்ள பாதி ஸ்டூடிபேக்கர்களுக்கு வைத்தியர்.

வந்தார். கிளட்ச் கம்பியின் நட்டை ஒரு சுற்று, பிறகு இன்னும் கால் சுற்று திருப்பினார். “கம்பி தளர்ந்திருந்தது, வேறொன்றுமில்லை” என்றார். மீண்டும் அதே சரிவு. நான் ஓட்டினேன். பிரேக்கை மிதித்தேன், கிளட்சை மிதித்தேன், பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி அசையவில்லை. கீழே ஆறு, மேலே வானம், நடுவே ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பு சும்மா நிற்கிறது. வாய்விட்டுக் கத்திவிட்டேன். அன்றிரவே சித்தப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன். நெடுநேரம் கழித்து, “வால்வு எந்தப் பக்கம் இருக்குது, போட்டோ அனுப்பு” என்று பதில் வந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இதற்குப் பிறகு எனக்குள் கேள்வி மாறிவிட்டது. எழுபதுகளில் ஒரு மனிதர் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் ஏன் குறிப்பாக இந்த வண்டியை வாங்கினார்? பாட்டியம்மா சொன்னபடி, 1962இல் அவர் சீட் தைத்துப் பொருத்தும் பகுதியில் இருந்தவர். இந்தச் சீட் அவர் கை பட்டதாக இருக்குமோ? உற்பத்தி ஆணையில் தொழிலாளி பெயர் கிடையாது. பாட்டியம்மாவின் அனுமதியோடு பின் சீட்டைக் கழற்றினேன். அடியில் கிரேயானால் எழுதிய எண்கள், ஆணை எண்ணின் கடைசி இலக்கங்கள். கதவு அட்டைகளின் பின்புறம், டிக்கியின் விரிப்புக்கு அடியில், ஸ்டெப்னி உட்காரும் குழியில் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்கள், டிக் குறிகள், ஒரு இடத்தில் பசை படிந்த கட்டைவிரல் ரேகை. பெயர் என்று ஒன்றுமில்லை.

முதியவரிடம் கேட்டேன். பதில் சொல்ல மாட்டேன் என்றார். எத்தனை முறை, எப்படிச் சுற்றி வந்து கேட்டாலும் அவர் திரும்பிப் போவது ஒரே இடத்துக்கு. “வண்டியை யார் செய்தார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேள்.”

கேட்டேன். சொன்னார். பிறகு நானும் படித்துச் சரிபார்த்தேன். தொழிற்சாலை மூடியபோது சுமார் 7,000 பேர் வேலை இழந்தார்கள். சங்கம் போராடிப் பெற்ற ஓய்வூதியத் திட்டம் 1950லிருந்து இருந்தது, ஆனால் அதில் போதிய பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் அறுபது வயதை எட்டியவர்களுக்கும், ஏறத்தாழ 3,600 பேருக்கு, முழு ஓய்வூதியம். நாற்பதுக்கும் ஐம்பத்தொன்பதுக்கும் இடைப்பட்ட, பத்தாண்டு வேலை முடித்த சுமார் 4,000 பேருக்கு, சேர வேண்டிய ஒரு டாலருக்கு பதினைந்து சென்ட். மீதி இருந்த கிட்டத்தட்ட 2,900 பேருக்கு ஒன்றுமில்லை. முதியவரின் தந்தை இரண்டாவது வரிசை. முதியவரும் பாட்டியம்மாவின் கணவரும் மூன்றாவது. மூடும் அறிவிப்பு வந்தது அதிபர் கென்னடி சுடப்பட்டு மூன்று வாரம்கூட ஆகாத நேரம். நாடு வேறு துக்கத்தில் இருந்தது. ஆனால் இந்தக் கதை வாஷிங்டனில் மறக்கப்படவில்லை. பத்தாண்டுக்கும் மேல் பேசப்பட்டு, 1974 செப்டம்பர் 2 அன்று தனியார் ஓய்வூதியங்களைக் காக்கும் சட்டத்தில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். இன்று அமெரிக்காவில் கம்பெனி திவாலானாலும் ஓய்வூதியத்துக்கு அரசுக் காப்பு இருக்கிறதென்றால், அதற்கு முதல் காரணங்களில் ஒன்று சவுத் பெண்டின் அந்த டிசம்பர். அந்தச் சட்டம் இவர்களில் ஒருவருக்கும் பின்தேதியிட்டு எதுவும் தரவில்லை.

நான் மில் தெருவில் வளர்ந்தவன். கேட்டில் பூட்டுத் தொங்கிய மறுநாள் காலையிலும் பழக்கத்தில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய்த் திரும்பிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் அவரைக் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவராகவே ஒருநாள், நட்டுகளைத் துடைத்துக்கொண்டே, அட்டைக்கு வந்தார்.

“63 நாலு கதவு வண்டியை எவனும் நின்று பார்க்க மாட்டான். ஜனங்கள் அவான்டி காரைப் பார்க்கப் போவார்கள், கன்வெர்ட்டிபிளைப் பார்க்கப் போவார்கள். கடைசி வண்டி என்று எழுதினால் நிற்பார்கள். நின்றதும் அவன் பதினைந்து சென்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான். எல்லாக் கண்காட்சியிலும் அதைத்தான் செய்தான்.”

பாட்டியம்மாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தார். ஆமாம், வண்டியைப் பற்றி அவர் யாரிடமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசிப் பார்த்ததில்லை என்றார். அந்தச் சீட்டை அவர்தான் தைத்தாரா என்பதற்கு இன்னும் விடை இல்லை. தைத்திருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பதை விற்பனை விளம்பரத்தில் எழுத முடியாது.

எழுதியது இவ்வளவு: 1963 லார்க், 1962 நவம்பரில் சவுத் பெண்டில் பூட்டியது, பிறந்த இன்ஜின், நியூ மெக்சிகோவில் இருந்ததால் துருவில்லை, ஹில் ஹோல்டர் வேலை செய்கிறது, உற்பத்தி ஆணையும் ரசீதும் உண்டு. ‘கடைசி’ போயிற்று, ஆசிரியையும் போனார். முதியவர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பாட்டியம்மா உடனே சரி என்றார்: ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் 5ஆம் எண் கிளை உறுப்பினர்கள் செய்தது.

நாலு கதவு வண்டிக்கு இரண்டு கதவு வண்டியின் விலை வராது. ஆனால் காகிதம் இருந்ததால், பாட்டியம்மா மனதில் வைத்திருந்ததைவிட அதிகமாகவே கிடைத்தது. ஒஹையோவிலிருந்து ஒரு இளைஞர் டிரெய்லரோடு வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார், சரிவில் ஓட்டிப் பார்த்தார், பணத்தைக் கொடுத்தார். கிளம்பும் நேரத்தில், அந்த 5ஆம் எண் கிளை என்றால் என்ன என்று கேட்டார். முதியவர் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வந்து போட்டு உட்கார்ந்தார். பாட்டியம்மா இன்னொரு தடவை காபி போட உள்ளே போனார். இளைஞர் ஒஹையோ போய்ச் சேர நள்ளிரவு ஆகிவிட்டதாம்.