பக்கெட்டை ஏன் எடுத்தார்கள்?

நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம் இந்தப் பெரிய ஹோட்டல்காரர்களுக்கு என்ன வந்துவிடுகிறதோ, இருந்ததை எல்லாம் உடைத்துப்போட்டு, "புதுப்பித்திருக்கிறோம்" என்கிறார்கள். பல ஊர்களில் கிளை உள்ள ஒரு ஹோட்டலில்தான் நாங்கள் வழக்கமாகத் தங்குவோம். எந்த ஊரானாலும் அறை ஒரே மாதிரி இருக்கும். பக்கெட், மக் இருக்கும். கேட்டால் குளிக்கும்போது உட்கார ஒரு ஸ்டூலும் கொண்டுவந்து தருவார்கள். முட்டிவலிக்காரரான என் மாமியாரை அழைத்துப் போக அதுவே எனக்குப் பெரிய தைரியம்.

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தால், பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடுவே சுவரையே காணோம்! வெறும் கண்ணாடி. அதை மறைக்கத் திரை உண்டு. ஆனால் அதுவும் கட்டில் பக்கம்தான். உள்ளே குளிப்பவர் கையில் இல்லை. "இது என்னம்மா, மீன் தொட்டியா?" என்றார் மாமியார்.

பக்கெட் கேட்டேன். "எல்லாக் கிளையிலும் எடுத்துட்டோம் மேடம், இப்ப ஷவர் மட்டும்தான்" என்றான் பையன். தரையோ வழவழவென்று பளிங்கு. பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. வயதானவர்கள் ஈரத்தரையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் படுத்த படுக்கையாகிவிடவும் கூடும் என்பது நமக்குத் தெரியாதா? அத்தை முகம் கைகால் மட்டும் கழுவிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தார். அன்று முழுக்க அவர் முகமே சரியில்லை.

குட்டி ஷாம்பு பாட்டில்கள் போனதில் எனக்குக் குறையில்லை. மாரியட் கம்பெனி அவற்றை நிறுத்தப்போவதாக 2019-ல் அறிவித்தபோது, வருஷத்துக்கு சுமார் 50 கோடி பாட்டில்கள் குப்பைக்குப் போகாது என்று சொன்னது. நல்ல காரியம்தான். (சுவரில் மாட்டிய புட்டிகளில் எது ஷாம்பு, எது சோப் என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் போடக் கூடாதோ? கண்ணாடி போட்டுக்கொண்டா குளிக்க முடியும்?)

சுற்றுச்சூழல் என்று சொல்லிப் பாட்டிலை எடுத்தவர்கள் பக்கெட்டை ஏன் எடுத்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. சாதாரண ஷவரில் நிமிஷத்துக்கு 8, 10 லிட்டர் தண்ணீர் கொட்டும். ஐந்து நிமிஷம் நின்றால் 40, 50 லிட்டர். 20 லிட்டர் பக்கெட் ஒன்று போதுமே ஒரு ஆள் குளிக்க!

இப்போதெல்லாம் ரூம் போடுவதற்கு முன்பு நானே போன் செய்து விடுகிறேன். பாத்ரூமுக்குச் சுவர் உண்டா, பக்கெட் உண்டா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்று கேட்கிறேன். போன வாரம் ஒரு பெண் சிரித்துவிட்டு, "இருங்க ஆன்ட்டி, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று போனாள். பக்கெட் இருக்கிறதாம். அங்கேயே இரண்டு நாளுக்கு ரூம் போட்டுவிட்டேன்.