பாத்துக் குடுங்க

"அண்ணா, யாரோட மொய்க் கவரோ உங்க பைல இருக்கு" என்றான் லைட் பிடிக்கிற பையன். பழைய கேமரா பையைத் தூசு தட்டச் சொல்லிக் கொடுத்திருந்தேன். உள்ஜிப்பில் கிடந்திருக்கிறது. மஞ்சள் கவர், முன்பக்கம் குத்துவிளக்கு, மூலையில் ஒட்டிய ஒரு ரூபாய் நாணயம். உள்ளே ஒன்றுமில்லை. "என்னோடதுதான், வை" என்றேன். அதற்கு மேல் அவனிடம் சொல்லவில்லை.

2009 ஆவணி. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மண்டபம். பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையல்காரர், நாதஸ்வரக்காரர், நாற்காலி வாடகைக்காரர் என்று ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்த்துக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. "தம்பி, உனக்கு எவ்வளவுப்பா?" முந்தின ராத்திரி முழுக்க மூவாயிரம், மூவாயிரம் என்று சொல்லிப் பழகியிருந்தேன். வாயில் வந்ததோ, "பாத்துக் குடுங்க சார்."

அவர் பார்த்தார். என்னைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், மொய் எழுதுகிற மேஜையைப் பார்த்தார். யாரோ வைத்த கவர் ஒன்றைப் பிரித்து, அதிலிருந்ததோடு சில நோட்டுகளைச் சேர்த்து 1,500 ஆக்கி அதே கவரில் போட்டுக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சமையல்காரர் தன் தொகையைச் சொன்னார், ஒரு ரூபாய் குறையாமல் வாங்கிப் போனார். என்னிடம் அவர் கேட்கத்தான் செய்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கவரைக் கொடுத்தேன். அப்பா எஸ்டேட்டில் டர்னர். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அங்கே வேலை பார்ப்பவர்கள் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை, எஸ்டேட் என்றால் எஸ்டேட்தான். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போய் முப்பது வருஷம் லேத் முன்னால் நின்றவர். ஒரு காது மந்தம். அதனால் எதையும் சத்தமாகத்தான் கேட்பார். "உன் மிஷின் எத்தனை பீஸ் ஓடும்?"

எனக்குப் புரியவில்லை. "டேய், ஒரு டிப் எத்தனை பீஸ் தாங்கும்னு தெரியாம நாங்க ஜாப் ஒர்க்குக்கு ரேட் சொல்ல மாட்டோம். டிப் தேயும், பெல்ட் தேயும், கரன்ட் ஓடும். எல்லாத்தையும் மணிக்கணக்கா வகுத்து வெச்சிருப்பாரு முதலாளி. லேத்துக்கு மணிக்கு இவ்ளோ, மில்லிங்குக்கு மணிக்கு இவ்ளோ. உன்னுது எவ்ளோ ஓடும்?"

நிக்கான் டி90 வைத்திருந்தேன். கடனில் வாங்கியது, பாடி மட்டும் 50,000 ரூபாய். ஒரு லட்சம் முறை ஷட்டரை ஓட்டிச் சோதித்திருப்பதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. அப்பா காலண்டர் தாளைத் திருப்பி எழுதினார். ஐம்பதாயிரத்தை ஒரு லட்சத்தால் வகுத்தால் ஒரு கிளிக்குக்கு ஐம்பது பைசா. ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து நான் எடுத்தது 2,000 படம். தேய்மானம் மட்டும் 1,000. வடபழனியில் வாடகைக்கு எடுத்த லென்ஸ் 800. பெட்ரோல் 100. கூட்டினால் 1,900. வந்தது 1,500.

"கல்யாணத்துக்குப் போய் நானூறு ரூபா மொய் வெச்சிட்டு வந்திருக்க" என்றார். சிரிக்கவில்லை. "சாப்பிட்டியா?"

என் இரண்டு நாள் உழைப்பு அந்தக் கணக்கில் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் பொறுக்கிய நாலு ராத்திரியும் இல்லை. அதைச் சேர்க்க அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தேய்வது இரும்பு மட்டும்தான் என்று இருவரும் நினைத்திருந்தோம் போல.

ஃபிலிம் காலத்தில் விலை சொல்லும் சிக்கல் இவ்வளவு இல்லை என்று ஓ.டி.யில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர் சொல்வார். அப்போது விலைக்கு ஓர் உடம்பு இருந்தது. ரோல். ஒரு ரோலில் 36. "எத்தனை ரோல் போடலாம்?" என்றுதான் கல்யாண வீட்டில் பேச்சே தொடங்கும். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் கறுப்பு வெள்ளைச் சுருளானாலும் சரி, பின்னால் வந்த கலர் ரோலானாலும் சரி, அது காசு என்று வீட்டாருக்குக் கண்ணில் தெரியும். ஸ்டூடியோ சுவரில் விலைப் பலகையும் தொங்கும். பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொண்டு யாரும் "பாத்துப் போட்டுக்குங்க" என்று சொன்னதில்லை. எங்கள் தலைமுறை தோளில் பை மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தபோது பலகையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. "டிஜிட்டல்தானே தம்பி, ஃபிலிமா செலவாகுது?" இந்தக் கேள்வியை எத்தனை மண்டபத்தில் கேட்டிருப்பேன் என்று எண்ணவில்லை.

விலை சொல்லக் கற்றுக்கொடுத்தது ஒரு பூக்காரம்மா. பூந்தமல்லியில், பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே. பூவிருந்தவல்லி என்று பேர் கொண்ட ஊரில் பூவிடம் பாடம் கேட்டது பொருத்தம்தான். முந்தின நாள் மல்லி முழம் ஒரு விலை. முகூர்த்த நாள் காலையில் அது இரண்டு மடங்கு. "என்னம்மா நேத்து இவ்ளோ இல்லையே" என்றேன். "நேத்து கல்யாணம் இல்லையே" என்றார், கையால் முழம் போடுவதை நிறுத்தாமல். அவ்வளவுதான். ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது. மிச்ச மாதங்களில் நல்ல முகூர்த்தம் கைவிரலுக்குள் அடங்கிவிடும். ஊரில் உள்ள எல்லோருக்கும் அதே நாள்தான் வேண்டும். என்னிடம் இருப்பது கேமரா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வளர்பிறை முகூர்த்த நாளில் ஒரே ஒரு நான் என்பதுதான் என்னிடம் இருந்த சரக்கு.

அந்த நாள்தான் எனக்கு ஆளும் பிடித்துக் கொடுத்தது. விசிட்டிங் கார்டு 500 அடித்து வைத்திருந்தேன். பத்திரிகை அச்சடிக்கிற கடை, மேக்கப் போடும் அக்கா, மண்டப மேனேஜர் என்று கொடுத்துப் பார்த்தேன். ஒரு மேனேஜர் பத்துக்கு ஒன்று கமிஷன் கேட்டார், அதையும் ஒப்புக்கொண்டேன், ஒரு ஆர்டரும் வரவில்லை. வேலை வந்தது வேறு வழியாக. கொரட்டூரிலிருந்து ஒரு போட்டோகிராபர், முன்பின் பழக்கமில்லாதவர், போன் செய்தார். அவருக்கு ஒரே தேதியில் இரண்டு கல்யாணம். ஒன்றை எனக்குத் தள்ளிவிட்டார். போட்டிக்காரன் என்று நான் ஒதுங்கிப் போன ஆட்களிடமிருந்துதான் முதல் மூன்று வருஷம் என் அரிசி வந்தது. இன்றும் என்னிடம் வந்து சேர்கிற புதுப் பையன்களுக்கு, இன்ஸ்டாகிராம் இருக்கட்டும், முதலில் பத்து மைலுக்குள் இருக்கிற பத்து போட்டோகிராபரோடு டீ குடி என்றுதான் சொல்கிறேன். பத்துப் பேரிடமும் நாம் எவ்வளவு வாங்குகிறோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், அது முக்கியம். குறைத்துச் சொல்லி வேலை பிடிக்கிறவனுக்குத் தேதி மோதும்போது யாரும் போன் செய்வதில்லை.

தொகையைச் சொல்ல வந்துவிட்டது. சொன்னபின் சும்மா இருக்க வரவில்லை. பூந்தமல்லியிலேயே, டிரங்க் ரோடை ஒட்டிய ஒரு வீடு. பெண்ணின் அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். "முப்பத்தஞ்சாயிரம்மா, ஆல்பத்தோட" என்றேன். அவர் பேசவில்லை. சுவரைப் பார்த்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும். பத்து விநாடி இருக்குமா? எனக்கு ஒரு யுகம். "வேணா முப்பதுக்குப் பண்ணிக்கலாம்மா" என்றேன். அவர் திரும்பி, "இல்லப்பா, மாசம் எத்தனை முகூர்த்தம்னு காலண்டரத்தான் பாத்துட்டு இருந்தேன். சரி, முப்பதுன்னே போட்டுக்க" என்றார். ஐயாயிரத்தை ஒரு மின்விசிறிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆடி மாதம் எஸ்டேட்டுக்குப் போக ஆரம்பித்தது அப்பா சொல்லித்தான். சும்மா கிடக்கிற மிஷின் அவருக்கு ஆகாது. அவர் கம்பெனியில் செய்த ஒரு கியரைக் கேட்டு வாங்கி வந்தார். பனியன் வேஸ்ட் வைத்து எண்ணெய் போகத் துடைத்தேன். எவ்வளவு துடைத்தாலும் பற்களின் இடுக்கிலிருந்து கூலன்ட் வாடை வந்துகொண்டே இருந்தது. கறுப்பு ரெக்சினில் வைத்து ஃபிளாஷ் அடித்தால் ஒரு வெள்ளைத் தீற்றல், மற்றதெல்லாம் இருட்டு. தேய்த்துப் பளபளவென்று இருக்கிற எஃகு கண்ணாடி மாதிரி. அது தன்னைக் காட்டாது, எதிரே இருப்பதைத்தான் காட்டும். ட்ரேசிங் பேப்பரைக் கூடாரம் மாதிரி சுற்றிக் கட்டி, வெளியிலிருந்து விளக்கு வைத்தபின்தான் பற்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு வந்தன. அப்பா அந்தப் படத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்தார், கட்டர் ஓடிய தடம் தெரிகிறதா என்று. தெரிந்தது. "இதத்தாண்டா பர்ச்சேஸ்காரன் பார்ப்பான்" என்றார்.

அந்த ஒரு பிரின்ட்டை எடுத்துக்கொண்டு கேட் கேட்டாகப் போனேன். செக்யூரிட்டியைத் தாண்டியது நாலோ ஐந்தோ இடத்தில். அதில் ஒரு இடத்தில் கேட்லாக் வேலை கிடைத்தது. அங்கே யாரும் சட்டையைப் பார்க்கவில்லை. "கொட்டேஷன் அனுப்புங்க" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபோது வந்த நிம்மதி! எழுதிக் கொடுக்கும்போது குரல் நடுங்குவதில்லை.

நிம்மதி பணம் வரும்வரைதான். பில் போட்டு 30 நாள், 60 நாள், அக்கவுண்ட்ஸில் ஆள் லீவு, 90 நாள். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்த அப்பாவும் சொல்லவில்லை. "சட்டம் பேசினா அடுத்த ஆர்டர் வராது" என்பது எஸ்டேட் வேதம். 45 நாளில் தராத தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியில் மாற்றம் கொண்டுவந்த பிறகு, 2024 மார்ச்சில் ஒரு கம்பெனி அக்கவுண்ட்ஸ்காரர் தானாகவே போன் செய்து "உத்யம் நம்பர் இருக்கா சார்?" என்று சிறு தொழில் பதிவு எண்ணைக் கேட்டார். சாரா? கலெக்டர் ஆனது போல இருந்தது.

இன்னொரு கம்பெனி, பேர் வேண்டாம், கேட்லாக்குக்கு என்று வாங்கிய படத்தைப் பேனராக்கி ஒரு கண்காட்சி வாசலில் கட்டியிருந்தது. சண்டைக்குக் கிளம்பினேன். வக்கீல் நண்பர் உட்கார வைத்தார். பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தவன் இல்லை. கல்யாணப் படத்துக்கும் இதேதான். அதற்குப் பிறகு என் கொட்டேஷனில் இரண்டு வரி கூடியது. எதற்கு, எத்தனை வருஷத்துக்கு என்று. அந்த இரண்டு வரிக்கும் சேர்த்துத்தான் விலை.

ஆடியும் மார்கழியும் பார்க்காத இன்னொரு வாடிக்கை ஆவடி. மாதக் கடைசி நாள். மத்திய அரசு வேலையில் ஓய்வு பெறுவது அன்றைக்குத்தான். டாங்க் பேக்டரி, துணி பேக்டரி என்று எங்கள் பக்கத்தில் சொல்கிற இடங்களில் மாதம் தவறாமல் யாராவது ஒருவர் மாலையோடு வெளியே வருவார். டாங்க் பேக்டரி 1965இல் முதல் விஜயந்தா டாங்க் செய்த தொழிற்சாலை, உள்ளே கேமராவுக்கு இடமில்லை. கேட்டுக்கு வெளியே காத்திருந்து, அங்கிருந்து வீடுவரை எடுக்க வேண்டும். மேளம், பட்டாசு, ஆரத்தி, வாசலில் நிற்கும் மனைவி. ஒருவர் வீட்டுக்குள் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்கத்தில் டிபன் பாக்ஸைச் சமையலறை மேடையில் வைத்தார். உள்ளே பலகாரம் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிக் கேட்டார்கள். ஆவடிக்காரர்கள் பேரம் பேசுவார்கள், ஆனால் பேசியதை அன்று சாயங்காலமே எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். சம்பளத் தேதி தெரிந்த வீடு.

2020 மார்ச் 24 ராத்திரி, ஊரடங்கு என்ற அறிவிப்பைக் கேட்டபோது என்னிடம் ஆறு வீட்டு அட்வான்ஸ் இருந்தது. செலவாகியும் இருந்தது. "அட்வான்ஸ் திரும்பத் தரப்படாது" என்று கொட்டேஷனில் அச்சடித்திருந்தேன். நாலு வீட்டில் தேதியை மாற்றிக்கொண்டார்கள், ஐம்பது பேரோடு பிறகு நடந்தது. ஐந்தாவது வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். போனில் அட்வான்ஸ் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "கோயில்லயே தாலி கட்டிட்டோம் தம்பி. நீங்களே பாத்து எதாவது பண்ணுங்க" என்றார். அந்தச் சொல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 5,000 முழுசையும் அனுப்பினேன், டி90யை விற்று. ஆறாவது வீடு இன்னும் அழைக்கவில்லை. அவர்கள் எண் போனில் இருக்கிறது.

கேமரா போய்விட்டது, அதன் பை மட்டும் மிஞ்சியது. கவர் இத்தனை வருஷம் அதில்தான் இருந்திருக்கிறது.

பை சுத்தம் செய்த பையன் பட்டாபிராம்காரன். போன வாரம் திருமுல்லைவாயலில் இரண்டு நாள் வேலை. ராத்திரி பதினொன்றரை வரை ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தான், விடிகாலை நாலுக்கு மறுபடி வந்து நின்றான். மத்தியானம் பைக்கில் கூட்டிப்போய் ஸ்டேஷன் வாசலில் இறக்கினேன். "உனக்கு எவ்வளவுடா?"

"பாத்துக் குடுங்கண்ணா."

"பாக்க மாட்டேன். சொல்லு."

அவன் தண்டவாளத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திருவள்ளூர் லோக்கலுக்கு அறிவிப்பு வந்தது. "ரெண்டாயிரத்து ஐநூறுண்ணா" என்றான். நான் நினைத்து வைத்திருந்தது 1,800. சொன்ன கையோடு அவன் மறுபடி வாயைத் திறந்தான்.

"ஒண்ணும் பேசாத" என்று போனை எடுத்தேன். தொகையை அடித்து, ரகசிய எண் போட்டு, பச்சை டிக் வருவதற்குள் வண்டி பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டது. அவன் ஓடினான்.