சத்தம் போடாத தண்ணி

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை மக்களே. தீசிஸ்னு சொன்னா நம்பவா போறீங்க? மீன்தொட்டிதான் காரணம் :-)

படிப்பு முடிச்சுக் கிளம்பின சீனியர் ஒருத்தர்கிட்ட பாதி விலைக்கு வாங்கின 200 லிட்டர் தொட்டி. மூலையில ஓவர்ஃப்ளோ தடுப்பு, அதுக்குள்ள அடிக்கண்ணாடியில ரெண்டு ஓட்டை. ஒண்ணு வழியா தண்ணி சம்ப்புக்கு இறங்கும் (நம்மூர் தரையடி சம்ப் இல்லைங்க, தொட்டிக்குக் கீழ ஃபில்டர் வைக்கிற குட்டித் தொட்டி). இன்னொண்ணு வழியா மோட்டார் திருப்பி ஏத்தும்.

சத்தம் இருக்கே... இளநீர் தீர்ந்தப்புறமும் ஸ்ட்ராவை உறிஞ்சினா வருமே, அது. விடிய விடிய. இறங்குற தண்ணி காத்தையும் சேர்த்து இழுக்கறதால வர்ற வினை. ரூம்மேட் அண்ணன் முதல் வாரம் சிரிச்சார். ரெண்டாவது வாரம் தலையணையோட ஹாலுக்குப் போனார். மூணாவது வாரம், "தம்பி, என் டிஃபென்ஸ் வரைக்கும் நான் இருக்கணுமா, மீன் இருக்கணுமா?"

முதல்ல டர்சோ குழாய் போட்டேன். கைத்தடி மாதிரி வளைஞ்சிருக்கும், உச்சியில காத்துக்குச் சின்ன ஓட்டை. ஓட்டை பெருசானா கொடகொட. சின்னதானா சைஃபன் பிடிச்சு, விட்டு, திரும்பப் பிடிச்சு, டாய்லெட் ஃப்ளஷ் பண்ற மாதிரி.

"அந்தக் குழாய்லயே வால்வ் போட்டு முடுக்குடா"ன்னார் அண்ணன். தப்பில்லை. குழாய் முழுக்கத் தண்ணியா ஓடினா காத்துக்கு இடமில்லை, சத்தமுமில்லை. ஆனா ஒரே ஒரு நத்தை போய் அடைச்சா? மோட்டார் சம்ப்புல இருக்கிறதை எல்லாம் மேல தள்ளிக்கிட்டே இருக்கும். ஒஹாயோவில் எங்க வீடு மரத்தரை, மாடி. கீழ தனியா ஒரு பாட்டி. அட்வான்ஸ் பணத்தை நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

இருக்கிறதுலயே பத்திரம் பீன்அனிமல் முறைதான், மூணு குழாய். மூணாவது ஓட்டைக்கு எங்க போக? அடியில இருக்கிறது டெம்பர்ட் கண்ணாடி, துளை போட்டா பொடிப்பொடி. கடைசியில ரெண்டே குழாய் கேக்கிற ஹெர்பி முறை. மோட்டார் ஏத்துற ஓட்டையைத் தியாகம் பண்ணி, அதுல வால்வே இல்லாம உயரமா ஒரு அவசரக் குழாய். மெயின் குழாயில கேட் வால்வ். (பால் வால்வ் வாங்கிடாதீங்க, மயிரிழை திருப்பினாலும் மட்டம் எகிறும்.) மோட்டார் குழாய் இப்போ தொட்டி விளிம்பு மேல ஏறி வருது. பார்க்க அசிங்கம்தான், போகட்டும். கரண்ட் போனா அது தண்ணியைப் பின்னாடி உறிஞ்சாம இருக்க, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை.

சனிக்கிழமை வேணும்னே வால்வை முழுசா மூடினேன். தடுப்புக்குள்ள தண்ணி ஏறுது, ஏறுது... கையில துண்டு, நெஞ்சு படபடப்பு. அவசரக் குழாய் ஒரு உறுமல் உறுமிச்சு பாருங்க! தரையில ஒரு சொட்டு இல்லை.

அண்ணன் ஓடி வந்தார். "மறுபடியுமா?"

"இந்தச் சத்தம் கேட்டா மட்டும் என்னை எழுப்புங்கண்ணே."

வால்வைத் திறந்து, மெல்ல மெல்லத் திருப்பி மட்டம் நிறுத்தினேன். நிசப்தம்.

இப்போ அவருக்கு ஃப்ரிட்ஜ் சத்தம் கேக்குதாம்.