தமையனாரின் நோட்டுப் புத்தகம்

முனிர்காவில் எங்கள் இல்லத்துப் பரணைச் சென்ற மாதம் துப்புரவு செய்தபோது, மறைந்த என் தமையனாரின் பள்ளி நோட்டு ஒன்று அகப்பட்டது. அதில் ஒரு பக்கத்தில் ‘சவுண்ட்’ என்று தலைப்பிட்டு 53, 61, 69, 81, 89, 101 என எண்களை எழுதியிருந்தார்.

1984இல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ கணினியில் பயின்றவர் அவர். அதன் ஒலிச்சில்லு மூன்று சுரங்களை ஒருங்கே எழுப்பும். இரைச்சல் ஒன்றும் தரும். சுருதி எண்ணில் நான்கு கூடினால் ஒரு சுரத்தானம் உயரும்.

அக்கணினிகள் வழக்கொழிந்துவிட்டன. ஆயினும், அச்சில்லின் வேலையைக் கணக்கிட்டு அவ்வண்ணமே ஒலிக்கச் செய்யும் மென்பொருள் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. என் மகள் அதில் அவ்வெண்களை இட்டாள். எழுந்ததோ மோகன ராகத்தின் ஆரோகணம்! கமகம் இல்லை, குரலும் தகரக் குழலின் குரலே. அம்மா மட்டும், “இது நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததல்லவா?” என்றார். பின்னர் நெடுநேரம் பேசவில்லை.

அன்பர்களே! வீடு மாறும்போதெல்லாம் பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடுகிறோம். போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இயந்திரம் போனாலும், எழுதிவைத்த எண் பாடும்.