நீச்சல் குளத்தில் குளோரினைத் திருடுவது யார்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் நோக்கிப் போகும்போது சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே உயரமான மதில் சுவர்கள் தெரியும். உள்ளே பங்களா, பங்களாவுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம். முதலாளி சென்னையில் இருப்பார், சனி ஞாயிறில்தான் வருவார். மற்ற நாட்களில் குளத்துக்குக் காவல், தோட்டக்காரர், மருந்து ஊற்றுபவர் எல்லாம் பக்கத்துக் கிராமத்து வாட்ச்மேன் ஒருவரே!

அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். மாதம் ஒரு கேன் குளோரின் வாங்கிய இடத்தில் மே மாதம் இரண்டு கேன் செலவாகிறது. பில்லைப் பார்த்த முதலாளி கேட்கிறார்: "என்னப்பா, ஒரு கேன் எங்க போச்சு?"

"நீங்க சொன்ன மாதிரிதான் சார் ஊத்துறேன். காலைல இருக்கு, சாயங்காலம் பார்த்தா இல்ல."

முதலாளி நம்புவாரா? வாங்கியதில் செலவைக் கழித்தால் மீதி இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். அரிசிக் கடைக்கு இந்தக் கணக்கு சரி. ஆனால் குளோரின் அரிசி இல்லை. பூட்டிய அறையில் இருக்கும்போதே குறைகிற சரக்கு அது!

முதலில் கேனையே பார்ப்போம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் குளத்தில் 75,000 லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது 1 பி.பி.எம். அந்த அளவு ஏற 75 கிராம் குளோரின் வேண்டும். தினமும் 2 பி.பி.எம். செலவாகிறது என்று வைத்தால் 150 கிராம். 10 சதவீத திரவ குளோரினில் (கடைக்காரர்கள் 'ஹைப்போ' என்பார்கள்) அது ஒன்றரை லிட்டர், மாதத்துக்கு 45 லிட்டர். 50 லிட்டர் கேன் ஒன்று போதும்.

ஆனால் ஹைப்போ வெப்பத்தில் தானாகவே சிதையும். அக்னி நட்சத்திர வெயிலில் தகர ஷெட்டுக்குள் கிடந்த கேனின் வீரியம் 5 சதவீதமாக இறங்கிவிட்டால்? அதே வேலைக்கு 90 லிட்டர் வேண்டும். இரண்டு கேன்! ஒரு சொட்டுகூடத் திருட்டுப் போகாமலே பில் இரட்டிப்பாகிவிட்டது.

சரி, கேன் புதியது, நிழலில்தான் இருந்தது. அப்படியும் குறைகிறதா? அப்போது செய்ய வேண்டியது ஒரு எளிய சோதனை. சூரியன் மறைந்த பிறகு மோட்டாரை ஓடவிட்டு, யாரும் குளிக்காமல், தனி குளோரின் அளவைக் குறித்துக் கொள்ள வேண்டும். விடிவதற்கு முன் மறுபடி பார்க்க வேண்டும். 1 பி.பி.எம்.முக்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீருக்குள்ளேயே ஏதோ குளோரினைத் தின்கிறது. இரவில் குறையாமல் பகலில் மட்டும் மாயமானால், குற்றவாளி வெயில். (மஞ்சள் நிறம் காட்டும் சாதாரண சோதனைப் பெட்டி மொத்த குளோரினைத்தான் காட்டும். தனி குளோரினுக்கு இளஞ்சிவப்பு நிறம் தரும் டி.பி.டி. முறை வேண்டும்.)

இரவுத் திருடர்கள் யார்? பாசி, சவுக்கு இலை, வியர்வை, சிறுநீர், போர் தண்ணீரில் வரும் இரும்பு. இவர்களில் பெரிய தீனிக்காரன் அமோனியா. கழிவுநீர் கசிந்த கிணற்றிலிருந்து லாரித் தண்ணீர் வந்தால் அமோனியாவும் கூடவே வரும். 1 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனைத் தீர்த்துக்கட்ட சுமார் 10 மில்லிகிராம் குளோரின் வேண்டும். மூக்கைத் துளைக்கும் 'குளோரின் நாற்றம்' இந்த இரண்டும் சேர்ந்து உண்டாகும் குளோரமினின் நாற்றம்தான். நாற்றம் அடித்தால் குளோரின் அதிகம் என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் போதவில்லை என்றே அர்த்தம்.

பகல் திருடன் சூரியன். பாதுகாப்பில்லாத குளோரினில் பாதி, நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். இதைத் தடுக்க சயனூரிக் அமிலம் சேர்க்கிறார்கள். 30 முதல் 50 பி.பி.எம். வரை போதும். ஹைப்போவில் இது கிடையாது. டி.சி.சி.ஏ. மாத்திரையில் கூடவே இருக்கிறது: 10 பி.பி.எம். குளோரின் சேர்த்தால் சுமார் 6 பி.பி.எம். சயனூரிக் அமிலமும் சேரும். மாதக்கணக்கில் மாத்திரையே போட்டால் அது மிதமிஞ்சி, குளோரின் வேலை செய்ய முடியாமல் மந்தமாகும். பாசி வளரும், மறுபடி செலவு ஏறும்.

இனி வருவது கடற்கரைக்கே உரிய திருடன். மணல் நிலத்தில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழிருந்து கடல்நீர் ஏறிவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் நடந்தது நினைவிருக்கும். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு உண்டு. போர் தண்ணீரில் 5 சதவீதம் கடல்நீர் கலந்தாலே 3 மில்லிகிராம் புரோமைடு குளத்துக்கு வந்துவிடும். நாம் ஊற்றும் குளோரின் அதைப் புரோமினாக மாற்றும். சயனூரிக் அமிலத்தால் புரோமினை வெயிலிடமிருந்து காப்பாற்ற முடியாது. வெயில் அதை மறுபடி புரோமைடாக்கும், மறுநாள் மறுபடி குளோரின்... முடிவே இல்லாத கடன் வட்டி மாதிரி! இதற்கு மருந்தும் இல்லை. குளத்துத் தண்ணீரில் ஒரு பகுதியையாவது இறைத்துவிட்டு நல்ல தண்ணீர் நிரப்புவதுதான் வழி.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் இதே வேதியியல்தான். குளிர்விக்க எடுக்கும் கடல்நீர் வரும் வழியில் சிப்பிகள் ஒட்டி வளராமலிருக்க அங்கே குளோரின் சேர்க்கிறார்கள். கடல்நீரில் அதுவும் புரோமினாகத்தான் மாறுகிறது. தண்ணீர் முதலில் எவ்வளவு குளோரினை விழுங்கும் என்பதற்கு அத்துறையினர் வைத்திருக்கும் பெயர் 'குளோரின் தேவை'. திருட்டு என்று அவர்கள் சொல்வதில்லை!

காரணம் தெரியாமல் "இன்னும் ஊத்து, ஆசிடும் ஊத்து" என்று போனில் உத்தரவு போடுவது ஆபத்து. ஹைப்போவோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். டி.சி.சி.ஏ.வும் ப்ளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். பக்கத்தில் நிற்பவர் முதலாளி அல்ல, வாட்ச்மேன்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டி.பி.டி. சோதனைப் பெட்டி, ராத்திரி ஒன்று விடியற்காலை ஒன்று என்று இரண்டு அளவு. இவ்வளவுதான் விசாரணை. கேனுக்கு ஆகும் காசை அடுத்த மாதம் மிச்சம் பிடித்துவிடலாம். திருடன் என்று ஒருவரைச் சொல்லி வேலையை விட்டு அனுப்பிய பிறகு, அந்த வார்த்தையை எந்தக் கணக்கில் திருப்பி வரவு வைப்பது?