கைமாறும் சைக்கிள்களின் விலை

எங்கள் பெறாமகன், அதாவது என் மனைவியின் தங்கை மகன், 2024 ஆம் ஆண்டில் மேற்படிப்புக்காக அவுஸ்திரேலியா புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னதாகத் தனது சைக்கிளை விற்றுத்தரும்படி என்னிடம் கேட்டான். நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு ஊரெல்லாம் ஆட்களைத் தெரிந்திருக்கும் என்பது உறவினர்களின் அசைக்கமுடியாத நம்பிக்கை. வத்தளையில் என் வீட்டு விறாந்தையில் மூன்று வாரங்கள் அந்தச் சைக்கிள் நின்றது. கார்பன் இழையால் ஆன பந்தயச் சைக்கிள். ஒரு கையால் தூக்கிவிடலாம். 2022 இல் அதற்கு அவன் கொடுத்த விலை ஆறு இலட்சம் ரூபாய். அதுவும் ஏற்கெனவே ஒருவர் ஓடியது.

அந்த ஆண்டை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜூன் மாத இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அந்த விலைக்கும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. நீர்கொழும்பு வீதியில் வாகன வரிசைகள் நாட்கணக்கில் நகராமல் நின்றன. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டுவிட்டது. டொலர் இல்லாத நாட்டில் இறக்குமதிச் சைக்கிளும் இல்லை. ஆகவே, வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த லுமாலாவுக்குக்கூட மனிதர்கள் விலைபேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பிள்ளை ஆறு இலட்சத்துக்கு வாங்கியது அந்தச் சந்தையிலேதான்.

இரண்டு ஆண்டுகளில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. டொலர் 300 ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. கொரோனாக் காலத்தில் உலகெங்கும் சைக்கிள் கேட்டு அலைந்த கூட்டம் வடிந்துபோக, ஐரோப்பிய, அமெரிக்கக் களஞ்சியங்களில் சைக்கிள்கள் தேங்கி, புதியவையே தள்ளுபடியில் விற்கப்பட்டன. விசாரித்துப் பார்த்தபோது எனக்கு வேறொரு விடயமும் விளங்கியது. விலையுயர்ந்த சைக்கிளைப் பழசாக்குவது பாவனை மட்டுமல்ல, அதைச் செய்த கொம்பனியும்தான். வீதிப் பந்தயங்களில் தட்டுப் பிறேக்குகளுக்கு 2018 இல் நிரந்தர அனுமதி கிடைத்ததும், றிம்மைக் கவ்வும் பிறேக் பூட்டிய நல்ல சைக்கிள்களெல்லாம் மதிப்பிழந்தன. 2021 இல் ஷிமானோ தனது உயர்தரப் பந்தயத் தொகுதிகளைப் பின்சில்லில் பன்னிரண்டு பற்சக்கரங்களுக்கு மாற்றியபோது, பதினொன்றுடன் இருந்தவை பழையனவாயின. போதாததற்கு, பல கொம்பனிகளின் சட்டக உத்தரவாதம் முதலாவது உரிமையாளரோடு முடிந்துவிடுகிறது. இவற்றுக்கு விதிவிலக்கு லண்டனில் செய்யப்படும் பிரொம்ப்டன் மடிப்புச் சைக்கிள். அதன் அடிப்படை வடிவம் பல தசாப்தங்களாகப் பெரிதாக மாறவில்லை. அதனால், பழையதற்கும் நல்ல விலை கேட்கிறார்கள்.

இதை அறிந்தபோது எனக்கு எங்கள் ஊர் றலிச் சைக்கிள் நினைவுக்கு வந்தது.

யாழ்ப்பாணத்தில் நொட்டிங்ஹாமில் செய்த றலி ஒன்று வீட்டில் நிற்பது ஒரு துண்டு வயற்காணிக்குச் சமானமான கௌரவம். வாங்க வருபவர் முதலில் குனிந்து பார்ப்பது பெடல் பூட்டிய பற்சக்கரத்தை. அதில் வெட்டப்பட்டிருக்கும் கொக்குத் தலைகள் இருந்தால்தான் அது அசல். ஸ்டேர்மி ஆர்ச்சர் கியர் பூட்டியதென்றால் பின்சில்லின் ஹப்பிலே செய்த ஆண்டு பொறித்திருக்கும். வயதை மறைக்க வழியில்லை, மறைக்கவேண்டிய தேவையும் இல்லை. உருக்குச் சட்டகம் உடைந்தால் ஒட்டலாம். ரயர், செயின், ஸ்போக்ஸ் எல்லாம் சந்திக்கடையில் கிடைக்கும். பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில் எங்களுக்கு அதுவே பேருந்து, அதுவே பாரவண்டி. இரவில் அதன் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். கொப்பித்தாளில் அச்சான பத்திரிகையை நான் அதில் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அப்பா 1961 இல் முந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து வாங்கிய றலி அது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, கரியரில் அம்மாவை இருத்தி நாவற்குழிப் பாலம் வரை மழையில் உருட்டிச் சென்றேன். பாரம் தாங்காமல் சட்டகத்தின் கீழ்மூட்டு விட்டுவிட்டது. சாவகச்சேரியில் ஒருவர் பித்தளை ஒட்டுப் போட்டுக் கறுப்பு மை பூசித் தந்தார்.

அடுத்த ஆண்டு கொழும்புக்கு வருவதற்குக் கையில் காசில்லை. றலியை விற்றேன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடிய சைக்கிளுக்கு எட்டாயிரம் ரூபாய்! வாங்கியவர் ஆறு பிள்ளைகளின் தகப்பன், விறகு கட்டி விற்பவர். பற்சக்கரத்தைப் பார்த்தார், ஹப்பைப் பார்த்தார். கீழ்மூட்டைத் தடவிப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு கேள்விதான் கேட்டார். “ஒட்டுப் போட்டதைச் சொன்னனியோ?”

“ஓம்” என்றேன்.

அப்பா பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. நம்பினாரா என்பதும் எனக்குத் தெரியாது. அந்த ஒட்டு தாங்கியதா, விறகுக் கட்டோடு அந்த மனிதர் எங்காவது விழுந்தாரா என்பது ஒரு பத்திரிகையாளனாக எத்தனையோ செய்திகளைத் தேடியலைந்த நான் விசாரிக்காமலே விட்ட செய்தி.

எங்கள் பிள்ளையின் சைக்கிளை நீர்கொழும்பிலிருந்து ஓர் இளைஞர் பார்க்க வந்தார். தனது முதலாவது பெரிய பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர். சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துச் சட்டகத்தின் நீளத்துக்கும் மெல்லத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். கார்பனில் உட்பிளவு இருந்தால் அந்த இடத்தில் ஓசை மந்தமாகுமாம். கண்ணுக்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் திடீரென்று முறியும்.

முதல்நாள் இரவே பெறாமகன் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தான். “பெரியப்பா, ஹெந்தளைச் சந்தியில நான் விழுந்ததைச் சொல்லவேணுமோ? ஒரு கீறல் மட்டுந்தானே?” ஹமில்டன் கால்வாய்க் கரையோரம் அதிகாலையில் ஓடிவிட்டுத் திரும்பும்போது முச்சக்கரவண்டி ஒன்று தட்டி விழுந்தவன் அவன். சொல்லத்தான் வேண்டும் என்றேன். ஏனென்று கேட்டான். றலியின் கதையை அவனுக்குச் சொன்னேன். மனைவிக்குக்கூட அதுவரை சொல்லாத கதை.

இளைஞர் மூன்று இலட்சம் தருவதாக இருந்தார். விழுந்த விபரத்தைக் கேட்டதும் கையிலிருந்த நாணயத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். சட்டகம் வேண்டாம், சில்லுகளையும் கியர்த் தொகுதியையும் மட்டும் ஒரு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். மூன்று மணிநேரம் விறாந்தையில் இருந்து அவரும் பிள்ளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். இடையில் மனைவி தேநீர் கொடுத்தாள். விமானச் சீட்டுக்குப் போதாத மிகுதியை நான் கொடுத்தேன்.

சட்டகம் இப்போதும் என் வீட்டில் இருக்கிறது. அதை இனி ஒருவருக்கும் விற்கமுடியாது.