ஜீப் மாமா கேட்ட கேள்வி

போன வாரம் மன்னவனூர் போயிருந்தேன் மக்கா. மாமா வட்டக்கானலுக்கு ஜீப் ஓட்டுறவர். அங்க வர்ற வெளிநாட்டுக்காரங்களைத் தாக்கத் திட்டம்னு 2016ல கனகமலை வழக்குல என்.ஐ.ஏ. சொன்னப்போ சவாரியே படுத்துருச்சாம்.

"அதுல ஒருத்தன் ஈராக்குல போய் சண்டை போட்டதுக்கு கொச்சி கோர்ட்டு எப்படி மாப்ளே தண்டிக்குது?"

இ.பி.கோ. 125தான். நம்மோட சமாதானமா இருக்குற ஆசிய அரசு மேல போர் தொடுத்தா ஆயுள் வரைக்கும் போகும். 2020ல அவருக்கு ஆயுளே கிடைச்சது. ஆனா விசாரணைக்கு முன்னாடியே ஒரு கதவு: அரசு அனுமதி இல்லாம கோர்ட்டு இந்தப் பிரிவைத் தொடவே முடியாது. நம்ம கோடுல முதல் வரியில வர்ற இஃப் கண்டிஷன் மாதிரி! 2024ல வந்த பி.என்.எஸ். 153ல 'ஆசிய' போய் எந்த அயல்நாடும்னு ஆச்சு. அனுமதி மட்டும் அப்படியே.

வழக்கு போடுறதும் அரசு, அனுமதி தர்றதும் அரசு. எனக்கு இதுதான் உறுத்துது. மாமாவுக்கு இல்ல. "தரட்டுமேய்யா, சவாரி வந்தா சரி"ன்னு ஜீப்பைக் கிளப்பிட்டார்.